டி.ஓ (தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன்) 4.5 இருக்கு, ஆனா அமோனியா ஏறிக்கிட்டே போகுது: எங்க பார்க்கணும்?

கோவை_ஆபரேட்டர்

வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு பெரிய குடியிருப்புல எஸ்.டி.பி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டரா இருக்கேன். டிசைன் 600 கே.எல்.டி (நாளைக்கு 600 கன மீட்டர்), வர்றது 400 சுமாருக்கு. எக்ஸ்டெண்டட் ஏரேஷன், அதாவது ரொம்ப நேரம் காத்து ஊதி பாக்டீரியாவை வச்சுச் சுத்தம் பண்ற முறை. ஏரேஷன் டேங்க் 450 கன மீட்டர், அடியில காத்தைக் குமிழியா விடற மெம்பரேன் டிஃப்யூசர், காத்து ஊதற ரெண்டு ப்ளோயர்ல ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்டாண்ட்பை. ஸ்லட்ஜ் (பாக்டீரியா சேறு) படியற கிளாரிஃபையர் தாண்டி மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், அப்புறம் ஹைப்போ (குளோரின் மருந்து) போட்டு ஃப்ளஷ் டேங்குக்கும் தோட்டத்துக்கும் போகுது.

தீபாவளி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. வெளிய போற தண்ணில அமோனியா 1-க்குக் கீழதான். கார்த்திகைல இருந்து ஏற ஆரம்பிச்சுது. இப்ப 15 மி.கி/லி. ஏரேஷன் டேங்க்ல பி.எச் முன்ன 7.4, இப்ப 6.2. எம்.எல்.எஸ்.எஸ் (டேங்க்ல கலந்திருக்கற ஸ்லட்ஜ், மி.கி/லி) 4200, எஸ்.வி.30 (ஒரு லிட்டர் ஜார்ல அரை மணியில படியற ஸ்லட்ஜ், மில்லி) பார்த்தா 380. டி.ஓ 4.5. கிளாரிஃபையர்ல மத்தியானத்துக்கு மேல கட்டி கட்டியா ஸ்லட்ஜ் மேல வருது, மேல வந்து குமிழி விட்டுப் பரவுது. ஹைப்போ எவ்வளவு ஊத்தினாலும் ஃப்ரீ குளோரின் (எதோடயும் சேராம மிஞ்சற குளோரின்) காட்டமாட்டேங்குது. ஃப்ளஷ் டேங்க்ல வாடைன்னு வீடுகள்ல இருந்து தினமும் போன்.

மேனேஜர் ரெண்டு ப்ளோயரையும் ஓட்டச் சொல்றார். ஏ.எம்.சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் பாக்டீரியா பவுடர் மூட்டை வாங்கச் சொல்றார். அதுவும் சரிவரலைன்னா டேங்கைக் காலி பண்ணி ஆளை இறக்கி டிஃப்யூசர் பார்க்கலாம்ங்கிறாங்க. எதை முதல்ல செய்யறது?

பம்ப்ரூம்

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் அஞ்சாறு அபார்ட்மெண்ட் பிளாண்ட் பார்த்துக்கறேன். முதல்ல டி.ஓ மீட்டரை நம்பாதீங்க. மெம்பரேன் கேப் பழசானா கண்டதையும் காட்டும். கேப் மாத்தி, ஈரக் காத்துல கேலிபரேட் பண்ணி, டேங்கோட ரெண்டு முனையிலயும் நடுவுலயும் எடுங்க. டிஃப்யூசர் கிழிஞ்சா ஒரு இடத்துல மட்டும் கொதிக்கிற மாதிரி பெரிய குமிழி வரும், மத்த இடம் செத்துக் கிடக்கும். மேல இருந்தே தெரிஞ்சிடும். அமோனியா ஏறினா பத்துக்கு ஏழு தடவை காத்துதான் காரணம், என் அனுபவத்துல.

லேப்அக்கா

தம்பி, உங்க பதிவுலயே பதில் பாதி இருக்கு. டி.ஓ 4.5 நிக்குதுன்னா காத்து மிச்சமாகுதுன்னு அர்த்தம். அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா வேலை செஞ்சா ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் எடுக்கும். அது எடுக்காததாலதான் டி.ஓ மேல நிக்குது. இன்னொரு ப்ளோயர் ஓட்டினா கரண்ட் பில்லு ஏறும், அமோனியா இறங்காது.

பி.எச் 7.4-ல இருந்து 6.2. அதைத்தான் துரத்தணும். நைட்ரிஃபிகேஷன்ல, அதாவது பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டா மாத்தறதுல, அமிலம் வரும். ஒரு மி.கி அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டா மாறினா 7.14 மி.கி அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கற சக்தி), கால்சியம் கார்பனேட் கணக்குல, காலி. அல்கலினிட்டி தீர்ந்ததும் பி.எச் விழும். 6.8-க்குக் கீழ அந்தப் பாக்டீரியா தளர்ந்துடும், 6 கிட்ட வந்தா கிட்டத்தட்ட நின்னே போயிடும். உள்ள வர்ற தண்ணிலயும் வெளிய போற தண்ணிலயும் அல்கலினிட்டி எவ்வளவு?

அதுவரைக்கும் பவுடர் வாங்காதீங்க. இருக்கற பாக்டீரியா பட்டினி கிடக்கற அதே டேங்க்லதான் புதுசையும் கொட்டப் போறீங்க.

கோவை_ஆபரேட்டர்

அல்கலினிட்டி இங்க யாரும் பார்க்கறதில்லங்க்கா. லாக் புக்குல அதுக்குக் கட்டமே இல்ல. பி.எச், டி.ஓ, எம்.எல்.எஸ்.எஸ், எஸ்.வி.30 மட்டும்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பற மாதாந்திர ரிப்போர்ட்ல பி.ஓ.டி, சி.ஓ.டி (ரெண்டும் கரிமக் கழிவோட அளவு), டி.எஸ்.எஸ் (கரையாம மிதக்கற துகள்). கிட் ஏதாவது வாங்கணுமா?

பம்ப்ரூம் அண்ணா, கேப் மாத்திப் பார்த்தேன். மூணு இடத்துலயும் 4.1-ல இருந்து 4.4. குமிழி எல்லா இடத்துலயும் ஒரே சீராத்தான் இருக்கு.

லேப்அக்கா

கிட் வேண்டாம். ஒரு பியூரெட், ஒரு கூம்புக் குடுவை, 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் ஆசிட். டவுன்ல கெமிக்கல் கடையில தயாரா கிடைக்கும். மாதிரியை வடிகட்டி 100 மில்லி எடுங்க. பி.எச் மீட்டர் முனையை உள்ள விட்டு, ஆசிடைச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே குலுக்குங்க. 4.5 வந்ததும் நிறுத்துங்க. எத்தனை மில்லி போச்சோ அதைப் பத்தால பெருக்கினா அல்கலினிட்டி. மீட்டர் இல்லாட்டி மெத்தில் ஆரஞ்சு, மஞ்சள் போய் ஆரஞ்சு தட்டும்போது நிறுத்தணும். கழிவுநீர்ல அந்த நிற மாற்றம் பிடிபடறது கஷ்டம், அதனால மீட்டர் நல்லது.

நாலு இடத்துல எடுங்க: ஈக்வலைசேஷன் டேங்க் (வர்ற கழிவுநீர் முதல்ல சேர்ற தொட்டி), ஏரேஷன் டேங்க், கிளாரிஃபையர் வெளிப்பக்கம், அப்புறம் வீட்டுக் குழாய்த் தண்ணி. கடைசியை மறந்துடாதீங்க.

கிளாரிஃபையர்ல கட்டி மேல வர்றதுக்கு ஒரு சோதனை. எஸ்.வி.30 ஜாரை அரை மணி நேரத்துல கொட்டாம ரெண்டு மணி நேரம் அப்படியே வைங்க.

கோவை_ஆபரேட்டர்

பார்த்துட்டேன்.

ஈக்வலைசேஷன் 172. ஏரேஷன் டேங்க் 22. வெளிய 25. வீட்டுக் குழாய் 24!

உள்ள வர்ற அமோனியா 40.

ஜார்: அரை மணியில நல்லா படிஞ்சு மேல தெளிஞ்ச தண்ணி. ஒரு மணி நேரம் தாண்டினதும் படிஞ்ச அடுக்குக்குள்ள சின்னச் சின்ன வெடிப்பு, ஊசி முனை அளவு குமிழி. ஒண்ணே முக்கால் மணிக்கு மொத்த அடுக்கும் கேக் மாதிரி ஒண்ணாக் கழண்டு மேல ஏறிடுச்சு. கீழ தண்ணி, மேல ஸ்லட்ஜ். குச்சியால தட்டினதும் குமிழி விட்டு மறுபடி கீழ போச்சு.

குழாய்த் தண்ணி பத்திக் கேட்டீங்க. தீபாவளிக்கு முன்ன வரைக்கும் போர் தண்ணிதான். அப்புறம் சிறுவாணி இணைப்பு கிடைச்சுது. இப்ப எல்லா வீட்டுக்கும் சிறுவாணி. போரை நிறுத்தியாச்சு. போர் தண்ணியையும் எடுத்து டைட்ரேட் பண்ணேன், 340 வந்துச்சு.

லேப்அக்கா

இதுதான் தம்பி. ரெண்டு கேள்விக்கும் விடை வந்தாச்சு.

சிறுவாணித் தண்ணி மலைல இருந்து வர்றது, பாறை மேல ஓடி வர்ற மென்னீர். குடிக்க அருமை, சோப்பு நுரைக்கும், கீசர்ல உப்பு படியாது. ஆனா அதுல அல்கலினிட்டி தர்ற பைகார்பனேட்டும் ரொம்பக் குறைவு. உங்க பிளாண்ட் இத்தனை நாள் போர் தண்ணியோட அல்கலினிட்டி தயவுல ஓடிட்டு இருந்துருக்கு.

கணக்கைப் பாருங்க. யூரியா உடைஞ்சு அமோனியா ஆகும்போது நைட்ரஜன் ஒரு மி.கி-க்கு 3.57 அல்கலினிட்டி தானே வரும். 40 × 3.57 = 143. குழாய்த் தண்ணியோட 24 சேர்த்தா 167. நீங்க அளந்தது 172. போர் தண்ணி காலத்துல 480 இருந்திருக்கும்.

40 மி.கி அமோனியாவையும் மாத்த 286 வேணும். கைல 172. அதை வச்சு 24 மி.கி வரைக்கும்தான் மாத்த முடியும். மீதி 16. உங்க அளவு 15. வேற சந்தேகமே வேண்டாம், காத்தும் காரணம் இல்ல, கல்ச்சரும் (பாக்டீரியாவும்) காரணம் இல்ல.

கிளாரிஃபையர் கட்டி: மாறின அந்த 24 மி.கி நைட்ரேட் அடியில தங்கற ஸ்லட்ஜுக்குப் போகுது. அங்க ஆக்சிஜன் இல்ல, பாக்டீரியா நைட்ரேட்டைச் சுவாசிச்சு நைட்ரஜன் வாயுவா விடுது. அந்தக் குமிழிதான் ஸ்லட்ஜைத் தூக்குது. பல்கிங் (ஸ்லட்ஜ் உப்பிப் படியாமப் போறது) இல்ல இது. எஸ்.வி.ஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிஞ்சு எடுக்கற இடம், மில்லி) போட்டா 380 × 1000 / 4200, தொண்ணூறு வருது. நல்லா படியற ஸ்லட்ஜ்.

ஹைப்போவும் இதே கதைதான். அமோனியா ஒண்ணுக்கு ஏட்டளவுலயே 7.6 மடங்கு குளோரின் போட்டாதான் ஃப்ரீ குளோரின் தலைகாட்டும். 15 மி.கி-க்கு 114 மி.கி/லி குளோரின். அதுவரைக்கும் போடறதெல்லாம் அமோனியாவோட சேர்ந்து குளோரமின் ஆயிடும். வாடையோட ஒரு பங்கு அதுதான்.

தாமரைக்குளம்

குடிநீர் வடிகால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். லேப் அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஒன்று சேர்க்கிறேன்.

லாக் புக்கில் அல்கலினிட்டிக்குக் கட்டமே இல்லை என்று அந்தத் தம்பி எழுதியிருக்கிறார். இது அவர் பிளாண்டில் மட்டும் அல்ல. பி.ஓ.டி 30, டி.எஸ்.எஸ் 100 என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் வடிவமைத்த படிவங்களே இன்னும் ஓடுகின்றன. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி 10, மொத்த நைட்ரஜன் 10, மொத்த பாஸ்பரஸ் 1 என்று சொன்ன பிறகு விளையாட்டே மாறிவிட்டது. நைட்ரஜனைக் கேட்டால் அல்கலினிட்டியைக் கேட்டே ஆக வேண்டும். வெளிப்பக்கம் 80 குறையாமல் மிஞ்ச வேண்டும். இதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுத வைக்காமல் நைட்ரஜன் அளவை மட்டும் உத்தரவில் போடுவது ஆபரேட்டர் தலையில் பாரத்தை இறக்கி வைப்பது. எனக்கு இதில் கோபம் உண்டு.

பி.எச் கடைசியில் விழுகிற எண். அல்கலினிட்டி 300-லிருந்து 100-க்கு இறங்கும்வரை பி.எச் அதிகம் அசையாது, பிறகு ஒரே சரிவு. கார்த்திகை முதல் வாரத்திலேயே அல்கலினிட்டி அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

வேஸ்டிங், அதாவது கூடுதல் ஸ்லட்ஜை வெளியேற்றுவதை, எப்படிச் செய்கிறார்கள்?

கோவை_ஆபரேட்டர்

ஐயா, தினமும் 8 கன மீட்டர் சுமார், ரிட்டர்ன் லைன்ல (கிளாரிஃபையர் ஸ்லட்ஜ் ஏரேஷன் டேங்குக்குத் திரும்பற குழாய்) இருந்து, தண்ணியைப் பிழியற ஃபில்டர் பிரஸ்ஸுக்கு. ரிட்டர்ன் ஸ்லட்ஜ் 8000. வெளிய டி.எஸ்.எஸ் 15. எம்.எல்.எஸ்.எஸ் 4000-க்குக் கீழ போகக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. கீழ போனா பிரஸ்ஸை நிறுத்திடுவோம்.

தாமரைக்குளம்

டேங்கில் 450 × 4.2 = 1890 கிலோ. வெளியேறுவது 64 கிலோ பிரஸ்ஸில், 6 கிலோ தண்ணீரோடு. ஆக 70. ஸ்லட்ஜ் வயது, அதாவது ஸ்லட்ஜ் சராசரியாக உள்ளே தங்கும் காலம், 1890 / 70 = 27 நாள்.

நம் ஊர் வெப்பத்தில், கழிவுநீர் 25 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, நைட்ரிஃபிகேஷனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வயதே தாராளம். எம்.எல்.எஸ்.எஸ்ஸை ஒரு எண்ணில் பிடித்து நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. பிடிக்க வேண்டியது வயதை. வீடுகள் நிரம்பி பி.ஓ.டி கூடினால் எம்.எல்.எஸ்.எஸ் தானே ஏறும், ஊருக்குப் போய்விட்டால் தானே இறங்கும். வயதைப் பிடித்தால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிளாண்டே பார்த்துக்கொள்ளும்.

பம்ப்ரூம்

ஐயா சொல்றது புஸ்தகத்துக்குச் சரி. அபார்ட்மெண்ட் பிளாண்ட்ல நைட் ஷிஃப்ட் பையனுக்கு ஸ்லட்ஜ் வயசு கணக்கு வராது. எஸ்.வி.30 ஜார் கண்ணுக்குத் தெரியும். 400 தாண்டினா பிரஸ் ஓட்டு, 300-க்குக் கீழ வந்தா நிறுத்து. இதை எவனும் தப்பு பண்ணமாட்டான்.

தாமரைக்குளம்

அந்தப் பையனைக் குறைத்து எடை போடாதீர்கள். டேங்க் கொள்ளளவை இருபதால் வகுத்தால் 22.5 கன மீட்டர். அந்த அளவு எம்.எல்.எஸ்.எஸ்ஸை நேராக ஏரேஷன் டேங்கிலிருந்தே தினம் வெளியேற்றினால் வயது தானாக 20 நாள், எம்.எல்.எஸ்.எஸ் என்னவாக இருந்தாலும் சரி. ஆய்வுக்கூடமே தேவையில்லை. கெட்டிப்படுத்தும் தொட்டி ஒன்று வேண்டும், பிரஸ்ஸுக்குத் தண்ணீர் அதிகம் போகும், அது செலவு. ஆனால் கணக்குத் தெரியாத காரணத்தால் செய்ய முடியாது என்பது இல்லை.

எஸ்.வி.30 படியும் விதத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. நூலிழைப் பாக்டீரியா வந்து எஸ்.வி.30 800 ஆகிற நாளில் உங்கள் விதிப்படி பையன் பிரஸ்ஸை ஓட்டு ஓட்டு என்று ஓட்டி டேங்கையே காலி செய்துவிடுவான்.

பம்ப்ரூம்

அந்தக் கடைசி வரி நியாயம். அப்படி ஒரு பிளாண்ட் காலியானதைப் பார்த்திருக்கேன்.

ஒண்டாரியோ_ஷிஃப்ட்

கனடாவில இருந்து எழுதுறன். யாழ்ப்பாணம் பிறந்த இடம். இங்க நகராட்சி பிளாண்டில ஆபரேட்டர். வயதைப் பிடிக்கிறது பற்றி ஐயா சொன்னதுக்கு எங்கட பனிக்காலம் நல்ல சாட்சி. தண்ணி 10 டிகிரிக்கு இறங்கினா நைட்ரிஃபை பண்ணுற பாக்டீரியா வளர்றது அவ்வளவு மெதுவா இருக்கும். அப்ப வயது 12, 15 நாளுக்குக் குறைஞ்சா அதுகள் வளர்றதுக்கு முதலே வெளிய கழுவிப் போகும். அதால இலையுதிர் காலத்திலேயே வேஸ்டிங்கைக் குறைச்சு வயதை ஏத்திப்போட்டுத்தான் குளிருக்குள்ள போவம்.

இந்த முறை பிறந்த மான்செஸ்டரில 1914-ல ஆர்டனும் லாக்கெட்டும் முதல் தடவை கழிவுநீருக்குக் காத்து ஊதி முழு நைட்ரிஃபிகேஷன் வர அஞ்சு கிழமை எடுத்தது. அந்த ஸ்லட்ஜை எறியாம வைச்சு அதுக்குமேலயே புதுக் கழிவுநீரை விட்டு விட்டுத்தான் நேரத்தை 24 மணித்தியாலத்துக்குள்ள கொண்டுவந்தவை. ஸ்லட்ஜை வைச்சிருக்கிறதுதான் இந்த முறையின்ர உயிரே.

தம்பிக்கு ஒரு யோசனை. ப்ளோயரை ஏன் 24 மணித்தியாலமும் ஓட்டுறீங்கள்? டி.ஓ 4.5 எண்டா காத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். நிறுத்தின நேரத்தில நைட்ரேட் டேங்குக்குள்ளேயே வாயுவாகும், கிளாரிஃபையருக்குப் போறது குறையும். அதோட ஒரு மி.கி நைட்ரேட் நைட்ரஜன் போனா 3.57 அல்கலினிட்டி திரும்பி வரும், 2.86 ஆக்சிஜனும் மிச்சம்.

நொய்யல்கரை

திருப்பூர் சி.இ.டி.பி-ல (பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம்) வேலை. எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினைங்க. சாயப்பட்டறைத் தண்ணி பி.எச் 9, 10-னு வரும், நாங்க ஆசிட் ஊத்திக் குறைக்கிறோம். அல்கலினிட்டி தட்டுப்பாடுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. 2011-ல ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டு வெளிய விடாம ஓட்டறோம், ஆர்.ஓ தாண்டி ஆவியாக்கி உப்பு எடுக்கற வரைக்கும். அதுல கத்துக்கிட்ட ஒண்ணு: முன்னாடி பயாலஜி சரியில்லைன்னா பின்னாடி எத்தனை மெம்பரேன் வச்சாலும் அடைச்சுத் தொலையும்.

கோயமுத்தூர்ல விடறது நொய்யல் வழியா எங்களுக்குத்தான் வருது. அதனால நல்லா பண்ணுங்க தம்பி, மனசார சொல்றேன்.

லேப்அக்கா

ஒண்டாரியோ அண்ணன் யோசனையை எடுத்துக்கங்க. ஆனா முதல் நாளே டைமர் வேண்டாம். பி.எச் 6.2-ல இருக்கற பிளாண்ட்ல காத்தையும் நிறுத்தினா எது எதனால ஆச்சுன்னு தெரியாது. முதல்ல அல்கலினிட்டி.

வெளிய 80 மிஞ்சணும்னா 286 + 80 − 172 = 194 பற்றாக்குறை. சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டா 1.06 மடங்கு, 206 மி.கி/லி, 400 கன மீட்டருக்கு நாளைக்கு 82 கிலோ. பி.எச் ஏறினதும் டைமர் போட்டு நைட்ரேட்ல பாதியை டேங்குக்குள்ளயே விரட்டினா 20 × 3.57 = 71 திரும்ப வரும். அப்ப 52 கிலோ போதும்.

எது வாங்கறது: ஆப்ப சோடான்னா பாதுகாப்பு, எவ்வளவு போட்டாலும் பி.எச் 8.3 தாண்டாது, ஆனா எடை 1.68 மடங்கு வேணும், விலையும் கூட. சுண்ணாம்பு மலிவு, எடையும் குறைவு, ஆனா கரையாம அடியில தங்கும், டிஃப்யூசர்ல படியும், ஸ்லட்ஜ் கூடும். காஸ்டிக் சோடா கண்ணைப் பறிச்சிடும், உங்க இடத்துல வேண்டாம். சோடா ஆஷ் வாங்குங்க. கடையில சலவை சோடான்னு கல்லு கல்லா கொடுத்தா வாங்காதீங்க, அதுல பாதிக்கு மேல தண்ணி. மாவு மாதிரி இருக்கறது வேணும்.

டிரம்முல கரைச்சு டோசிங் பம்புல ஈக்வலைசேஷன் டேங்குக்குப் பகல் முழுக்க மெதுவா விடுங்க. ஒரே மூட்டையா கொட்டாதீங்க. கையுறை, கண்ணாடி.

இன்னொண்ணு, இதை எல்லாத்துக்கும் மேல எழுதியிருக்கணும். டிஃப்யூசர் பார்க்க ஆளை இறக்கறதுன்னு எழுதியிருந்தீங்க. யார் சொன்னாலும் யாரையும் இறக்காதீங்க. ஈக்வலைசேஷன் டேங்க், ஸ்லட்ஜ் டேங்க் எதுவும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம் கிட்டப் போனா மூக்கு வாடையை உணர்றதையே நிறுத்திடும், வாடை இல்லன்னு நம்பி இறங்கினவங்கதான் நம்ம ஊர்ல போய்ச் சேர்ந்திருக்காங்க, ஒருத்தரைத் தூக்க இன்னொருத்தர் இறங்கி அவரும். கையால் மலம் அள்ளறதைத் தடுக்கற 2013 சட்டத்துல பாதுகாப்பில்லாம இறக்கறது குற்றம். எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க, யாரும் கொடுக்கமாட்டாங்க.

கோவை_ஆபரேட்டர்

பொங்கல் கழிஞ்சு எழுதறேன். எல்லாருக்கும் நன்றிங்க.

ஆளை இறக்கற பேச்சை நிறுத்தியாச்சு. அக்கா எழுதினதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், மேனேஜர் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, அப்புறம் அந்தப் பேச்சே வரல.

சோடா ஆஷ் போட்ட மறுநாளே பி.எச் 6.8. அமோனியா உடனே அசையல, முதல் வாரம் 12, 13-னு இழுத்துச்சு. அப்புறம் வேகமா இறங்கிச்சு: 9, 5, 2. இப்ப 1-க்குக் கீழ. டி.ஓ 4.5-ல இருந்து 1.8-க்கு வந்துருச்சு, அதே ஒரு ப்ளோயர்ல. ஹைப்போ பாதியாக் குறைஞ்சும் ஃப்ரீ குளோரின் காட்டுது. வாடைன்னு போன் வரல.

ஆனா கிளாரிஃபையர்ல கட்டி முன்னைவிட அதிகம். நைட்ரேட் 34. டைமர் போட வேண்டிய நேரம் வந்துருச்சுன்னு நினைக்கிறேன். எவ்வளவு ஓட்டி எவ்வளவு நிறுத்தலாம்?

சங்கத்துல இன்னொரு யோசனையும் வந்துச்சு. சமையலுக்கு சிறுவாணி, பாத்ரூம் குழாய்க்குப் போர்னு பழையபடி பிரிக்கலாம், சோடா செலவு இல்லன்னு. பாதி வீடு ஒத்துக்கல, கீசர் கெடுதுன்னு.

லேப்அக்கா

அமோனியா முழுக்க மாறினா நைட்ரேட் கூடும், கட்டியும் கூடும். எதிர்பார்த்ததுதான்.

போர் கலக்கறது கெமிஸ்ட்ரிக்குச் சரி. ஆனா டி.டி.எஸ் (கரைஞ்ச உப்பு) ஏறும், அந்தத் தண்ணிதான் தோட்டத்துக்கும் போகுது. நிலத்தடி நீரையும் இறைக்கணும். சோடா செலவையும் கீசர் செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதி அவங்களே முடிவு பண்ணட்டும்.

ஒண்டாரியோ_ஷிஃப்ட்

90 நிமிசம் ஓட்டி 60 நிமிசம் நிறுத்திப் பாருங்கோ. நிறுத்தின நேரத்தில ஸ்லட்ஜ் அடியில படிஞ்சு போகாம, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரை நிமிசம் காத்து விட்டு எழுப்புங்கோ. மெம்பரேன் டிஃப்யூசர் எண்டபடியால் நிறுத்தி ஓட்டுறது பிரச்சினை இல்லை, செராமிக் எண்டால் அடைக்கும். ரிட்டர்ன் பம்பையும் கொஞ்சம் கூட்டுங்கோ, கிளாரிஃபையர் அடியில ஸ்லட்ஜ் தங்குற நேரம் குறையும்.

கோவை_ஆபரேட்டர்

காலைல ஆறரைல இருந்து ஒன்பது வரைக்கும்தான் எல்லா வீட்லயும் குளியல், துணி. அந்த நேரத்துல நிறுத்தினா அமோனியா தாண்டிப் போயிடாதா?

ஒண்டாரியோ_ஷிஃப்ட்

போகும். காலை ஆறில இருந்து பத்து மணி வரைக்கும் தொடர்ந்து ஓட்டுங்கோ, இரவு ஏழில இருந்து பத்து வரைக்கும் அப்படியே. மிச்ச நேரத்துக்கு மட்டும் டைமர். நிறுத்தின கட்டம் முடியிற நேரத்தில டேங்கில இருந்து ஒரு மாதிரி எடுத்து அமோனியாவும் நைட்ரேட்டும் பாருங்கோ. நைட்ரேட் 2-க்குக் கீழ வந்து அமோனியா 4 தாண்டினால் நிறுத்துறதை 45 நிமிசமாக் குறையுங்கோ. நைட்ரேட் இன்னும் 10-க்கு மேல நிண்டால் 75.

தாமரைக்குளம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டைமர் மாற்றிய வாரத்தில் சோடா அளவைத் தொடாதீர்கள், வேஸ்டிங்கைத் தொடாதீர்கள். வெளிப்பக்க அல்கலினிட்டி 100 தாண்டிப் போனால் அதற்கடுத்த வாரம் சோடாவை ஐந்து கிலோ குறையுங்கள். லாக் புக்கில் அல்கலினிட்டிக்குக் கட்டம் போட்டாயிற்றா?

கோவை_ஆபரேட்டர்

ஸ்கேல் வச்சு நானே கோடு போட்டுட்டேங்க ஐயா, நாலு இடத்துக்கும் நாலு கட்டம். நைட் ஷிஃப்ட் தம்பிக்கு டைட்ரேஷன் சொல்லிக் கொடுத்தாச்சு. நேத்து ராத்திரி அவன் எடுத்தது 86, காலைல நான் எடுத்தது 84. டைமர் எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை வர்றார்.

பம்ப்ரூம்

டைமர் போடறப்போ ப்ளோயர் அடிக்கடி ஸ்டார்ட் ஆகும். ஸ்டார் டெல்டா காண்டாக்டர் (மோட்டாரை ஸ்டார்ட் பண்ற சுவிட்ச்) பழசா இருந்தா கருகிடும், ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. ஏர் லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒருவழி வால்வு) சரியா மூடுதான்னு பாருங்க, இல்லைன்னா நிறுத்தினதும் டேங்க் தண்ணி ப்ளோயருக்குள்ள ஏறிடும். உங்க மோட்டார் எத்தனை ஹெச்.பி?